‘ஒரு மாதிரி’ என்பதைப் புகாராக எழுதுவது எப்படி?

“அவரு ஒரு மாதிரி பேசுறாரு, ஆண்ட்டி.”

பிரிக்ஃபீல்ட்ஸில் ‘மாமாக்’ எனப்படும் தமிழ் முஸ்லிம் உணவுக் கடை ஒன்றில் என் எதிரே உட்கார்ந்து தோழியின் மகள் இதைச் சொன்னாள். கோலாலம்பூரில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆய்வு வழி முதுகலை படிக்கிறாள். ‘அவர்’ என்றது அவளுடைய மேற்பார்வையாளரை. அந்த ‘ஒரு மாதிரி’க்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள எனக்கு அரை மணி நேரமும் பாலில்லாத் தேநீரான தே ஓ இரண்டும் ஆயின.

உள்ளே இருந்தவை இவை. இரவு பதினொன்றரைக்கு வாட்சாப்பில் “தூங்கிட்டியா?” அடுத்த வாரம், “சேலையில உன்னைப் பார்க்கணும்.” அறையில் கணினித் திரையைக் காட்டும்போது தோளில் வைத்த கை, எடுக்க வேண்டிய நேரத்தில் எடுக்கப்படாமல் இருந்தது. கடைசியாக, “தீசிஸ் சீக்கிரம் முடியணும்னா என்கிட்ட கொஞ்சம் ஃப்ரீயா பழகணும்.”

கடைசி வாக்கியம் மட்டும்தான் தப்பு என்று அவள் நினைத்திருந்தாள். மற்றதெல்லாம் ‘அவரோட கேரக்டர்’ கணக்கில் போயிருந்தது.

தமிழில் இந்த விஷயத்தைப் பேச நமக்குக் கைவசம் இருக்கும் சொற்கள் எல்லாமே மூடி போட்டவை. ‘ஒரு மாதிரி’, ‘டிஸ்டர்ப் பண்றான்’, ‘வழியுறான்’, ‘கையை வச்சிட்டு சும்மா இருக்க மாட்டான்’. சொல்பவருக்கும் கேட்பவருக்கும் புரிந்துவிடும். புகார்ப் படிவத்துக்குப் புரியாது. பல்கலைக்கழகத்தில் பாலியல் தொல்லை பற்றிய புகார்கள் வழியிலேயே நின்றுபோவதற்குச் சட்டம் இல்லாதது காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். சட்டம் இருக்கிறது. ஒன்றுக்கு நான்காக இருக்கிறது. அந்தச் சட்டங்களுக்கும் ‘ஒரு மாதிரி’க்கும் நடுவில் உள்ள தூரத்தைத்தான் யாரும் அளந்து சொல்வதில்லை.

முதலில் சட்டம் எதைத் தொல்லை என்கிறது என்று பார்ப்போம். மலேசியாவின் 2022ஆம் ஆண்டு பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டம், அதாவது சட்டம் 840, இதற்கு ஒரு வரையறை தருகிறது. விரும்பப்படாத, பாலியல் தன்மை கொண்ட எந்த நடத்தையும் இதில் அடங்கும். அது பேச்சாகவோ, பேச்சு இல்லாமலோ, படமாகவோ, சைகையாகவோ, உடலைத் தொடுவதாகவோ இருக்கலாம். அது ஒருவரை நோக்கிச் செய்யப்பட்டு, அவரைப் புண்படுத்துவதாகவோ, அவமானப்படுத்துவதாகவோ, அவருடைய நலனுக்கு மிரட்டலாகவோ இருக்க வேண்டும். புண்படுவது நியாயமானதுதான் என்று பொதுவில் சொல்லும்படியும் இருக்க வேண்டும்.

இதில் இல்லாதவற்றைக் கவனியுங்கள். பலமுறை நடந்திருக்க வேண்டும் என்று இல்லை. தொட்டிருக்க வேண்டும் என்று இல்லை. பாதிக்கப்பட்டவர் பெண்ணாகத்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. ‘சும்மா ஜோக்குக்குச் சொன்னேன்’ என்பதற்கு விதிவிலக்கும் இல்லை. ஆக, சேலை பற்றிய செய்தியும் தோளில் கிடந்த கையும் கணக்கில் வரும். இரவு பதினொன்றரைக்கு வந்த “தூங்கிட்டியா?” மட்டும் தனியாக வந்தால் வராமல் போகலாம், சேலைச் செய்திக்கு முந்தைய வாரத்தில் வைத்துப் பார்த்தால் அதன் நிறம் வேறு.

இதைச் சொன்னபோது அவள் கேட்ட முதல் கேள்வி: “நான் ஸ்மைலி போட்டேனே ஆண்ட்டி?”

எல்லாரும் போடுவார்கள். தன் பட்டத்துக்குக் கையெழுத்துப் போடப்போகிறவர் அனுப்பிய செய்திக்கு என்ன பதில் போடுவது? பல்கலைக்கழகத்தின் தனித்தன்மையே இதுதான். அலுவலகத்தில் மேலாளர் தொல்லை கொடுத்தால், கஷ்டப்பட்டாவது வேறு வேலை தேடலாம். மேற்பார்வையாளரை விட்டுப் போனால் இரண்டு வருட ஆய்வும் கூடவே போய்விடும். அவருடைய துறையில் நாட்டில் ஏழெட்டு பேர்தான் இருப்பார்கள். அந்த ஏழெட்டு பேரும் ஒரே மாநாட்டில் ஒரே மேசையில் சாப்பிடுகிறவர்கள். பரிந்துரைக் கடிதம், தேர்வாளர் பட்டியல், ஆய்வு உதவியாளர் சம்பளம் எல்லாம் ஒரே ஆளின் மேசை வழியாகத்தான் போகின்றன. பிடிபிடிஎன் எனும் அரசின் கல்விக் கடன் வேறு ஓடிக்கொண்டிருக்கும். அந்த ஸ்மைலியைச் சம்மதம் என்று படிப்பவருக்கு இந்த மேசை கண்ணில் படவில்லை என்று அர்த்தம்.

மலேசியச் சட்டம் இந்த இடத்துக்கு வந்துசேர இருபது வருடத்துக்கு மேல் ஆனது. மனிதவள அமைச்சு 1999இல் வேலையிடத்துப் பாலியல் தொல்லைக்கான நடைமுறைக் கோவை ஒன்றை வெளியிட்டது. அது அறிவுரைதான், கட்டாயம் இல்லை. 2012இல் 1955ஆம் ஆண்டு வேலை வாய்ப்புச் சட்டத்தில் தனிப் பகுதி ஒன்று சேர்க்கப்பட்டு, புகார் வந்தால் முதலாளி விசாரித்தே ஆக வேண்டும் என்றானது. 2023 ஜனவரி முதல், அந்தக் கடமையில் தவறும் முதலாளிக்கான அபராதம் 10,000 ரிங்கிட்டிலிருந்து 50,000 ரிங்கிட்டாக உயர்ந்தது. பாலியல் தொல்லை பற்றிய அறிவிப்பை வேலையிடத்தில் எல்லார் கண்ணிலும் படும்படி ஒட்டவும் வேண்டும். நல்ல விஷயங்கள்தான். ஆனால் இதெல்லாம் முதலாளி, தொழிலாளி என்ற உறவுக்கு. மாணவி தொழிலாளி இல்லை. கட்டணம் கட்டிப் படிக்கிறவர் இந்தச் சட்டத்தின் கண்ணில் வளாகத்துக்கு வந்துபோகும் விருந்தாளி மாதிரி.

நடுவில் 2016இல் வந்த ஒரு தீர்ப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதன் கதை தலைகீழாகத் தொடங்குகிறது. ஒரு நிறுவனத்தில் உயரதிகாரி ஒருவர் மீது அவருக்குக் கீழே வேலை பார்த்த பெண் புகார் கொடுத்தார். ஆபாசப் பேச்சு, இரட்டை அர்த்தக் கிண்டல் போன்றவை. நிறுவனம் விசாரித்து, கடும் எச்சரிக்கை கொடுத்தது. அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை: அதிகாரி அந்தப் பெண் மீது வழக்குப் போட்டார். தன் பெயர் கெட்டது, வேலை ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை என்று. அந்தப் பெண் பயந்து பின்வாங்காமல் எதிர் வழக்குப் போட்டார். நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் வரை போனது. நீதிபதி சுரியாடி ஹலிம் ஓமார் எழுதிய தீர்ப்பில், பாலியல் தொல்லை என்பதே தனியாக நஷ்டஈடு கேட்கக்கூடிய ஒரு சிவில் தவறு என்று மலேசியாவில் முதல் முறையாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. வழக்குப் போட்டவர் தோற்றார். பெண்ணுக்கு மொத்தம் 120,000 ரிங்கிட் நஷ்டஈடு உறுதியானது.

இந்தத் தீர்ப்பு மாணவிக்கும் பொருந்தும், ஏனென்றால் அது வேலை ஒப்பந்தத்தைச் சார்ந்து நிற்கவில்லை. ஆனால் உயர் நீதிமன்றம், வழக்கறிஞர் கட்டணம், வருடக்கணக்கில் காத்திருப்பு. விடுதியில் மேகி சமைத்துச் சாப்பிடுகிறவருக்கு இது கதவு என்று சொன்னால் சிரிப்பார்.

அதற்குப் பதிலாக வந்ததுதான் சட்டம் 840இன் கீழ் அமைந்த தீர்ப்பாயம். 2024 மார்ச் முதல் புகார்களை எடுத்துக்கொள்கிறது. பயனீட்டாளர் தீர்ப்பாயத்தைப் பற்றிக் கேள்விப்பட்டவர்களுக்கு இதன் உருவம் சுலபமாகப் புரியும். மூன்று பேர் அமர்வார்கள். குறைந்தது ஒருவர் பெண். விசாரணை மூடிய அறையில். பொதுவாக இரு தரப்பும் வழக்கறிஞர் இல்லாமல் தாங்களே பேச வேண்டும். சட்டச் சிக்கல் அதிகம் என்று தீர்ப்பாயம் கருதினால் மட்டும் விலக்குத் தரலாம். விசாரணை தொடங்கிய நாளிலிருந்து முடிந்தவரை 60 நாளில் முடிவு சொல்ல வேண்டும். எதிர்த்தரப்பை மன்னிப்புக் கேட்க வைக்கலாம், அந்த மன்னிப்பைப் பகிரங்கமாக வெளியிட வைக்கலாம், 250,000 ரிங்கிட் வரை நஷ்டஈடு கொடுக்க வைக்கலாம், ஏதாவது பயிற்சிக்குப் போகச் சொல்லலாம். உத்தரவை மதிக்காவிட்டால் அது குற்றம். சிறைக்கும் போக நேரலாம்.

வழக்கறிஞர் இல்லை என்பது பார்க்க நன்றாக இருக்கிறது. எனக்கு இதில் ஒரு சந்தேகம் உண்டு. ஒரு பக்கம் இருபது வருடம் மேடையில் பேசிப் பழகிய பேராசிரியர். மறுபக்கம் அவர் முன்னால் நின்று வாய் திறக்கவே தயங்கும் இருபத்து நான்கு வயதுப் பெண். இரண்டு பேரும் ‘சமமாக’ வழக்கறிஞர் இல்லாமல் நிற்கிறார்கள்.

தீர்ப்பாயம் செய்யாத ஒன்றும் உண்டு. அது யாரையும் வேலையிலிருந்து நீக்காது, உங்களுக்கு வேறு மேற்பார்வையாளரைத் தராது, அவர் உங்கள் தாளைத் திருத்துவதைத் தடுக்காது. அதற்குப் பல்கலைக்கழகத்தின் உள் கதவைத்தான் தட்ட வேண்டும்.

உள் கதவும் ஒன்று இல்லை. எதிரில் இருப்பவர் யார் என்பதைப் பொறுத்து இரண்டு. பொதுப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளரோ ஊழியரோ என்றால், அவர்களை ஒழுங்கு நடவடிக்கைக்கு உட்படுத்துவது 2000ஆம் ஆண்டின் சட்டம் 605, அதாவது அரசு சார்ந்த அமைப்புகளின் ஒழுங்குச் சட்டம். புகார் வழக்கமாக யூனிட் இன்டெகிரிட்டி எனப்படும் நேர்மைப் பிரிவுக்கோ பதிவாளர் அலுவலகத்துக்கோ போகும். சக மாணவர் என்றால் ஹெப், அதாவது மாணவர் விவகாரப் பிரிவு. அங்கே 1971ஆம் ஆண்டு பல்கலைக்கழகச் சட்டத்தின், நாம் எல்லாரும் அவுக்கு என்று சொல்லும் சட்டத்தின், கீழான மாணவர் ஒழுங்கு விதிகள் பேசும். தனியார் கல்லூரி, பல்கலைக்கழகங்களில் அந்தந்த நிறுவனத்தின் சொந்த விதிகள். சேரும்போது கையெழுத்திட்ட மாணவர் கையேட்டில் எங்கோ நடுவில் இருக்கும்.

பெரும்பாலான மாணவர்கள் முதலில் போவது ஹெப்புக்கு, ஏனென்றால் அந்த ஒரு அலுவலகம்தான் தெரியும். விரிவுரையாளர் மீதான புகாரோடு போனால், ‘இது எங்கள் வேலை இல்லை, அங்கே போங்கள்’ என்று அனுப்பிவிடுவார்கள். சொல்பவர் கெட்ட எண்ணத்தோடு சொல்வதில்லை. ஆனால் ஒரு தடவை தைரியத்தைத் திரட்டிக்கொண்டு போனவர் இரண்டாம் கட்டடத்துக்குப் போகிற வழியிலேயே விடுதிக்குத் திரும்பிவிடுகிறார். எந்தக் கவுண்டரில் கொடுத்தாலும் வாங்கிக்கொண்டு, சரியான இடத்துக்கு அவர்களே அனுப்ப வேண்டும் என்ற ஒரே ஒரு விதி எத்தனையோ சொற்பொழிவுகளைவிட உதவும்.

அடுத்தது போலீஸ். மானத்தைக் குலைக்கும் நோக்கத்தோடு ஒருவரின் உடலைத் தொட்டால் குற்றவியல் சட்டத்தின் 354ஆம் பிரிவு; பத்து வருடம் வரை சிறை. சொல், சைகை, ஒலி ஆகியவற்றால் ஒருவரின் மானத்தை இழிவுபடுத்தினால் 509; ஐந்து வருடம் வரை. மறுபடி மறுபடி பின்தொடர்ந்து அச்சுறுத்தினால் 507ஏ. 2023 மே மாத இறுதியில்தான் இது அமலுக்கு வந்தது. வாட்சாப், டெலிகிராமில் வரும் ஆபாசத்துக்கு தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233ஆம் பிரிவு இருக்கிறது. போலீஸ் ரிப்போர்ட்டை எந்த நிலையத்திலும் கொடுக்கலாம். பாலியல் குற்றங்களைக் கவனிக்கும் தனிப் பிரிவு டி11. பெண் அதிகாரியிடம் பேச வேண்டும் என்று கேட்கலாம், கூச்சப்பட வேண்டியதில்லை.

வன்முறை நடந்திருந்தால் வரிசை மாறுகிறது. முதலில் அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவு. அங்கே ஒரே இடத்தில் மருத்துவம், தடயம், ஆலோசனை, போலீஸ் எல்லாம் கிடைக்கும் நெருக்கடி மையம் இருக்கிறது. கோலாலம்பூர் மருத்துவமனையில் 1994இல் முதன்முதலில் தொடங்கி, பிறகு மற்ற அரசு மருத்துவமனைகளுக்குப் பரவியது. குளிக்காமல், துணியைத் துவைக்காமல் போக வேண்டும் என்பது கேட்கக் கொடுமையாக இருக்கும். ஆனாலும் தெரிந்திருக்க வேண்டும். எந்நேரமும் பேச 15999 என்ற தாலியான் காசே எண் இருக்கிறது. பினாங்கில் டபிள்யூசிசி, கோலாலம்பூர் வட்டாரத்தில் டபிள்யூஏஓ, ஆவாம் ஆகிய பெண்கள் அமைப்புகள் நீண்ட காலமாக இந்த வேலையைச் செய்கின்றன. கூட ஒருவர் வந்து நிற்பார் என்பதே பெரிய விஷயம். பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஃபவுண்டேஷனிலோ மெட்ரிக்குலேசனிலோ படிக்கும் பதினேழு வயதுக்காரர் என்றால் 2017ஆம் ஆண்டின் சிறார்களுக்கு எதிரான பாலியல் குற்றச் சட்டம் வரும். அதில் குற்றம் பற்றித் தெரிந்தும் போலீசுக்குச் சொல்லாமல் இருப்பதே குற்றம், 5,000 ரிங்கிட் வரை அபராதம்.

இத்தனை கதவு இருந்தும் ஏன் பிள்ளைகள் முதலில் டிவிட்டரிலும் இன்ஸ்டகிராமிலும் எழுதுகிறார்கள்? அங்கே வரிசை இல்லை, படிவம் இல்லை, உடனே ஆயிரம் பேர் நம்புகிறார்கள். புரிகிறது. ஆனால் பெயர் போட்டு எழுதியவுடன் 1957ஆம் ஆண்டு அவதூறுச் சட்டத்தின் கீழ் வக்கீல் நோட்டீஸ் வரலாம். அந்தக் கணமே பேச்சின் திசை மாறி, அவர் என்ன செய்தார் என்பது போய், நீ என்ன எழுதினாய் என்பதாகிவிடும். இதற்கு நேர்மாறாக, போலீஸ் ரிப்போர்ட்டுக்கு முழுப் பாதுகாப்பு உண்டு: அதில் எழுதியதை வைத்து அவதூறு வழக்குப் போட முடியாது என்று கூட்டரசு நீதிமன்றம் 2012இல் தீர்ப்பளித்தது. தெரிந்தே பொய் ரிப்போர்ட் கொடுப்பது தனிக் குற்றம், அது வேறு. ஒரே வாக்கியம் நிலையத்தில் எழுதினால் காப்பு, இன்ஸ்டகிராமில் எழுதினால் ஆபத்து. முதலாண்டு மாணவர்களுக்கு அறிமுக வாரத்தில் வேறு எதைச் சொல்லாவிட்டாலும் இதைச் சொல்லிவிடலாம்.

சட்டம் 840இல் இரண்டு ஓட்டை இருக்கிறது. பெண்கள் அமைப்புகள் மசோதா நிலையிலேயே சுட்டிக்காட்டியவை. புகார் கொடுத்தவரைப் பழிவாங்கக் கூடாது என்று அதில் தனி விதி இல்லை. நிறுவனங்கள் தங்கள் இடத்தில் தொல்லை நடக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற கடமையும் அதில் விதிக்கப்படவில்லை. மாணவிக்கு உண்மையில் வேண்டிய இரண்டும் இவைதான். பழிவாங்குவது என்றால் பெரிதாக எதுவும் நடக்க வேண்டியதில்லை. அத்தியாயத்தைத் திருத்தித் தர மூன்று மாதம் எடுத்துக்கொண்டால் போதும். ‘பிஸியாக இருந்தேன்’ என்று சொல்லிவிடலாம். எந்தத் தீர்ப்பாயத்திலும் அதை நிரூபிக்க முடியாது.

சரி, இனி நம் வீட்டுக்குள் வருவோம்.

நம் மாணவர்களுக்கு வளாகத்தில் இன்னொரு சிறு ஊர் உண்டு. தமிழ் மாணவர் சங்கம், பொங்கல் விழா, கலாசார இரவு, அதற்கான நடன ஒத்திகை, விடுதிக்குத் திரும்ப இரவு ஒரு மணி. கெடாவிலிருந்தோ சிகாமட்டிலிருந்தோ வந்த பெண்ணுக்கு முதல் வாரத்தில் அறை காட்டுவதும், பழைய வினாத்தாள் தருவதும், காய்ச்சல் வந்தால் கஞ்சி வாங்கித் தருவதும் சீனியர் அண்ணன்களும் அக்காக்களும்தான். அந்தப் பாசம் நிஜம். அந்தப் பாசத்தின் மேலேயே சிலர் சவாரி செய்கிறார்கள் என்பதும் நிஜம். ‘அண்ணன்’ என்று கூப்பிட்டுப் பழகிய வாய் அவன்மேல் புகார் சொல்லும்போது சொந்த வீட்டைக் காட்டிக்கொடுப்பது போலத் தடுமாறுகிறது. அறிமுக வாரத்தில் ‘விளையாட்டு’ என்ற பெயரில் ஜூனியர் பையன்களைச் சட்டையைக் கழற்றச் சொல்வதும், ஒரு பெண்ணிடம் போய் ‘ஐ லவ் யூ’ சொல்லச் சொல்வதும் இதே கணக்குதான். அந்தப் பையன்களிடம் யாரும் கேட்பதே இல்லை.

விரிவுரையாளர் நம் இனத்தவர் என்றால் இன்னொரு சங்கடம். “நம்மாளுங்க மேல வர்றதே கஷ்டம், அவரையும் கீழே இழுக்கணுமா?” இதைச் சொல்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. இட ஒதுக்கீடு, வாய்ப்பு, கையளவு பதவிகள் எல்லாம் பார்த்து நொந்த தலைமுறை. ஆனால் இந்தக் கணக்கில், சமூகத்தின் மானத்துக்கு வட்டி கட்டுவது எப்போதும் இருபது வயதுப் பெண் ஒருத்திதான் என்பதை அவர்கள் எழுதி வைப்பதில்லை. மறுபக்கம் வீடு. அம்மாவிடம் சொன்னால் அம்மா நம்புவார், அழுவார், அப்புறம் “போதும்மா, வீட்டுக்கு வந்துடு” என்பார். பல பெண்கள் வாயை மூடிக்கொண்டிருப்பது தொல்லை கொடுத்தவருக்குப் பயந்தல்ல. படிப்பு நின்றுவிடும் என்ற பயத்தில். பெற்றோர்கள் இதைப் படித்தால், மகள் சொன்னதும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ‘உனக்கு என்ன செய்யணும்?’ என்பதாக இருக்கட்டும்.

மொழியிலும் ஒரு குழி இருக்கிறது. புகார் மலாயில்தான் பெரும்பாலும் எழுதப்படுகிறது, விசாரணையும் மலாயில். தொல்லை நடந்ததோ தமிழில். ‘சரக்கு’ என்று ஒருவன் சொன்னதை ‘பாராங்’ என்று மொழிபெயர்த்தால், ஏதோ பெட்டி படுக்கையைப் பற்றிப் பேசியதுபோல் இருக்கும். ‘நல்லா பழுத்துட்ட’ என்பதை மலாயில் போட்டால் பழக்கடை. குழுவில் உட்கார்ந்திருக்கும் அதிகாரிக்கு இதில் என்ன தவறு என்று புரியாது. எதிர்த்தரப்பு “பாராட்டுத்தான் சொன்னேன்” என்று தப்பிக்கும். அதனால் சொன்ன சொல்லை அப்படியே தமிழில் எழுத வேண்டும், மலாய்க்கு வழங்கும் ரூமி எனும் ஆங்கில எழுத்திலும் எழுத வேண்டும், அதன் கீழே தமிழர்கள் அதை எந்தப் பொருளில் சொல்வார்கள் என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். வெட்கமாக இருக்கும்தான். அந்த வெட்கத்தைப் பேசியவர் பட வேண்டும், எழுதுகிறவர் இல்லை. விசாரணைக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே எழுத்தில் கேட்டுவிடுவதும் நல்லது.

மற்றபடி எழுதுவது கஷ்டமான கலை இல்லை. அன்றிரவே எழுதினால் பாதி வேலை முடிந்தது. தேதி, நேரம், இடம், கதவு திறந்திருந்ததா மூடியிருந்ததா, யார் வெளியே இருந்தார்கள், அவர் சொன்ன சொற்கள், நீங்கள் சொன்ன பதில், பிறகு யாரிடம் சொன்னீர்கள். ‘அவர் மோசமாக நடந்துகொண்டார்’ என்ற முடிவை எழுதாமல், கை எங்கே இருந்தது, எவ்வளவு நேரம் இருந்தது என்பதை எழுதினால் முடிவுக்கு வாசிப்பவரே வந்துவிடுவார். வாட்சாப் உரையாடலை முழுதாக ஏற்றுமதி செய்து உங்களுக்கே மின்னஞ்சல் அனுப்பி வையுங்கள். ஸ்கிரீன்ஷாட்டில் எண்ணும் தேதியும் தெரிய வேண்டும். உங்கள் ஸ்மைலியையும் அழிக்க வேண்டாம். அழித்தது தெரிந்தால் அதுதான் பேச்சாகும். அன்றைக்கே ஒரு தோழிக்கு “இன்னிக்கு இப்படி நடந்துச்சு” என்று அனுப்பிய குறுஞ்செய்தி பிற்பாடு பெரிய சாட்சியாகும். புகாரைக் கொடுத்தால் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையோ பதில் மின்னஞ்சலோ இல்லாமல் அந்தக் கட்டடத்தை விட்டு வர வேண்டாம்.

தடுப்பு என்று வந்தால் நம் பல்கலைக்கழகங்களுக்குத் தெரிந்தது சொற்பொழிவு. அரங்கத்தில் முந்நூறு பேர், பேனர், காலைச் சிற்றுண்டிக்கு நாசி லெமாக், கடைசியில் குழுப்படம். யாரையும் குறை சொல்லவில்லை, நானும் இரண்டு படத்தில் நின்றிருக்கிறேன். ஆனால் அந்த அரங்கத்தில் தொல்லை நடப்பதில்லை. அது நடக்கிற இடங்கள் எல்லாருக்கும் தெரியும்: கதவில் கண்ணாடி இல்லாத அறை, அலுவலக நேரத்துக்குப் பிந்தைய சந்திப்பு, களப்பணிக்காக இருவர் மட்டும் போகும் கார், இன்டர்ன்ஷிப் அனுப்பிய நிறுவனம், நள்ளிரவு ஒத்திகை. கதவில் ஒரு கண்ணாடித் துண்டு பதிக்க ஆகும் செலவு ஒரு சிற்றுண்டிச் செலவைவிட அதிகம் இருக்காது. எல்லா ஆய்வு மாணவருக்கும் இரண்டாவது மேற்பார்வையாளர் ஒருவர் பெயருக்கு இல்லாமல் நிஜமாகவே இருக்க வேண்டும். மாணவரோடு பேச அலுவல் மின்னஞ்சல் போதும். இந்த வருடம் இத்தனை புகார் வந்தது, இத்தனை விசாரிக்கப்பட்டது, இத்தனைக்கு நடவடிக்கை என்று பெயர் இல்லாமல் எண்ணிக்கையை மட்டும் வெளியிட்டால் போதும். பூஜ்யம் என்று போடும் பல்கலைக்கழகம்தான் முதலில் சந்தேகப்பட வேண்டியது.

தோழியின் மகளுக்குத் தீர்ப்பாயமும் வேண்டாம், நஷ்டஈடும் வேண்டாம். மேற்பார்வையாளர் மாறினால் போதும் என்றாள். அதுவும் அவளுடைய உரிமை; எந்தக் கதவு என்று முடிவு செய்வது எதிரே உட்கார்ந்து தே ஓ குடித்த ஆண்ட்டி இல்லை. ஒன்றரைப் பக்கம் எழுதி வைத்துக்கொண்டாள், தேதி போட்டு. பிறகு மேற்பார்வையாளர் மாற்றத்துக்கான படிவத்தைத் தரவிறக்கி எனக்கு அனுப்பினாள்.

காரணம் எழுத அதில் ஒரே ஒரு வரி விட்டிருந்தார்கள். அதன் கீழே மூன்று கையெழுத்துக் கட்டங்கள். முதல் கட்டத்தில், ‘தற்போதைய மேற்பார்வையாளரின் ஒப்புதல்’.

இரண்டு நாள் அந்தப் படிவத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தாள். மூன்றாம் நாள், ஒன்றரைப் பக்கத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டு நேராக முதுகலைப் பிரிவின் டீனிடம் போனாள். அந்த அம்மா இரண்டையும் படித்தார். காகிதத்தின் ஒரு நகல் தனக்கு வேண்டும் என்றார். பிறகு முதல் கட்டத்தின் குறுக்கே ஒரு கோடு போட்டு, ஓரத்தில் தன் சுருக்கொப்பத்தை இட்டு, நேராக மூன்றாவது கட்டத்தில் கையெழுத்துப் போட்டார்.